கோல் கம்பம் இல்லாத போலோ

குதிரை மேல் ஏழு பேர், எதிரில் இன்னொரு ஏழு பேர். நடுவர் பந்தை வானை நோக்கி வீசியதும் ஆட்டம் தொடங்குகிறது. கோல் கம்பம் கிடையாது. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்து போனாலே கோல்தான். இதுதான் மணிப்பூரின் மெய்தெய் மக்கள் ஆடும் 'சகோல் காங்ஜெய்'.

பந்து மூங்கில் வேரில் செய்தது. மட்டையின் தண்டு பிரம்பு. அதன் முனையில் மரத்தலை. ஆட்டக்காரர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டித் தலைப்பாகை அணிவார்கள். கால்களைக் காக்கச் சேணத்தில் தோல் தடுப்புகள் தொங்கும்.

வேகமாக நடக்கும் இந்த ஆட்டத்துக்கு மார்ஜிங் என்ற தெய்வம் காவல் என்பது நம்பிக்கை. குதிரையேற்றமும் குறியும் ஒருசேரக் கைவந்ததால் மணிப்பூரின் குதிரைப்படைக்கும் இதுவே பயிற்சியானது. அரச குடும்பத்தினர் இம்பாலின் காங்லா கோட்டைக்குள் ஆடினார்கள். பொதுமக்களின் ஆட்டம் கோட்டைக்கு வெளியே மாபல் காங்ஜெய்புங் மைதானத்தில் நடந்தது. மட்டக்குதிரை வைத்திருந்த எளியவரும் ஆடலாம். போலோ என்றாலே சீமான்கள் நினைவுக்கு வருவது பின்னாளில் வந்த பழக்கம்.

1819 முதல் 1826 வரை பர்மியப் படை மணிப்பூரைச் சூறையாடியபோது பலர் அண்டைப் பகுதியான கச்சாருக்குத் தப்பி ஓடினார்கள். ஆட்டமும் அவர்களோடு போனது. அங்கே அதைக் கண்டு மயங்கிய ஆங்கிலேய அதிகாரிகள் ஜோசப் ஷெரரும் ராபர்ட் ஸ்டூவர்ட்டும் 1859இல் அங்குள்ள சில்சாரில் போலோ கழகம் தொடங்கினார்கள். 1862இல் கல்கத்தாவிலும் ஒரு கழகம் உருவானது. ஆங்கிலேயர் கையில் ஏழு பேர் நால்வரானார்கள், கோல் கம்பங்கள் நடப்பட்டன, குதிரைகளும் உயரமாயின.

மணிப்பூரிலோ ஆட்டத்தின் உயிர் குள்ளமான மட்டக்குதிரையில்தான் இருக்கிறது. சட்டென்று திரும்பும், எளிதில் சோராது. சதுப்பு நிலப் புல்லை மேய்ந்தே வளரும். அந்த நிலங்களை வீடுகளும் கட்டடங்களும் விழுங்கியதால் மேய்ச்சல் சுருங்கியது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003இல் 1,898 ஆக இருந்த இவ்வினம் 2012இல் 1,101 ஆகக் குறைந்தது. மாநில அரசு 2016இல் பாதுகாப்புக் கொள்கை வகுத்தது. போட்டிகளும் பரிசுகளும் ஆட்டக்காரரை உருவாக்கலாம். குதிரையை உருவாக்க மேய்ச்சல் நிலம் வேண்டும். எனவே சகோல் காங்ஜெயைக் காப்பதென்றால் முதலில் சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும்.