உங்களுக்குத் தெரியுமா? போட்ட ரேம் முழுசாகக் காட்டாதது ஏன்?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் கணினி கொடுத்தது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, அந்தப் பழைய கணினிக்கு 4 ஜிபி ரேம் போட்டுக்கொண்டு போனால், திரையில் 3.4 ஜிபிதான் தெரியலாம். கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில், திரைக்குப் படம் தரும் சில்லு ரேமிலேயே தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். 32 பிட் விண்டோஸ் என்றால் இன்னொரு தடையும் உண்டு. அது முகவரி கொடுக்கக்கூடியது சுமார் 429 கோடி பைட்டுக்குத்தான். அதாவது 4 ஜிபி. கிராபிக்ஸ், நெட்வொர்க் கருவிகளுக்கான முகவரிகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அவை போக மிஞ்சும் முகவரிக்கு உட்பட்ட ரேம்தான் நமக்கு. 8 ஜிபி போட்டாலும் இதே கதிதான். செயலி இடம் கொடுத்தால் 64 பிட்டுக்கு மாறுவதே வழி.

விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'மெமரி' பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற வரியைப் பாருங்கள். சில நூறு எம்பி இருந்தால் இயல்பு. ஒரு ரேம் அளவே முழுசாகக் காணவில்லையென்றால், கழற்றித் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள்.