பாருக்கும் ஒரு ஹிஸ்டரி ஷீட்

டீ வரட்டும். அதற்குள் பேச ஆரம்பித்துவிடலாம். இரண்டு வரியில் முடிகிற விஷயமில்லை இது.

திண்டுக்கல்லில் நாகல் நகரோ, பேகம்பூரோ, பழனி சாலையோ, இல்லை வெளியே வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கமோ, ஏதோ ஓர் இடத்தில் டாஸ்மாக் பாரில் அடிதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் உடைகிறது, ஒருவர் மண்டையும் உடைகிறது. 108 வருகிறது. போலீஸ் வந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. மறுநாள் பகல் 12 மணிக்கு வழக்கம்போல ஷட்டர் தூக்கப்படுகிறது. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் வேறு இரண்டு பேர். அடித்தவன்மேல் வழக்கு உண்டு. அந்த இடத்தின்மேல் என்ன இருக்கிறது? “இவ்வளவு நடந்தும் லைசென்ஸை ஏன் ரத்து பண்ண மாட்டேங்கிறாங்க?” என்று தெருவில் எல்லோரும் கேட்கிறோம். கேள்வி சரி. ஆனால் யாருடைய லைசென்ஸ் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடையும் பாரும் ஒன்றில்லை. பாட்டில் விற்கிற கடை அரசுடையது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. அதற்கென்றே வந்தவைதான் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகள். கடையை ஒட்டிய பார் தனியாருக்கு டெண்டரில் போகிறது. அந்த டெண்டர் எதற்கென்று படித்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில் சேகரிக்கவும் தரும் உரிமை அது. சாராயம் விற்கிற உரிமை பார்காரருக்குக் கிடையாது. சுண்டல், ஆம்லெட், தண்ணீர், டம்ளர், அவ்வளவுதான் அவர் தொழில். கடை திறப்பதற்கு முன்னால் காலையிலும், ராத்திரி 10 மணிக்குக் கடை அடைத்த பிறகும், காந்தி ஜெயந்தி மாதிரி விடுமுறை நாட்களிலும் பாரில் கூடுதல் விலைக்குச் சரக்கு கிடைத்தால், அது உரிமத்தின் ஓட்டை இல்லை, நேரான குற்றம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஓட்டல்களுக்குத் தருகிற எஃப்.எல்.3, மன்றங்களுக்குத் தருகிற எஃப்.எல்.2. இவை 1981-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வருகின்றன. சென்னையில் இருக்கும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர் கைக்குப் போகிற விவகாரம். வெளியூர்க்காரர்கள் ‘பப்’ என்று சொல்வது இதில் அடங்கும். நம் பக்கம் அந்தப் பெயரில் அதிகம் இல்லை. ‘மனமகிழ் மன்றம்’ என்று போர்டு மாட்டிய இடங்கள்தான் கண்ணில் படுகின்றன.

அடிதடிக்குப் பிறகு இவற்றின் உரிமத்தை மறுபரிசீலனை செய்ய வழி இருக்கிறதா? விதியை மீறினால் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். மது வியாபாரத்தை அடிப்படை உரிமையாக யாரும் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1975-ல் ஹர் சங்கர் வழக்கிலும், 1994-ல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கிலும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அரசு தருகிற சலுகை அது. நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆக, அதிகாரத்துக்குக் குறைவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் “இந்த இடத்தை விசாரியுங்கள்” என்று கேட்டால் இத்தனை நாளுக்குள் விசாரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது அளவு டேப். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கோயில், பள்ளியிலிருந்து 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி என்று வகைப்படுத்திவிட்டால் அந்தத் தூரமும் பொருந்தாது. 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31-ல், 20,000-க்கு மேல் மக்கள்தொகை இல்லாத ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. அந்த ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடைகள் நெடுஞ்சாலையிலிருந்து பெயர்ந்தன. பெயர்ந்து எங்கே போயின? ஊருக்குள். நான்குவழிச் சாலை குறுக்கே ஓடுகிற திண்டுக்கல் மாதிரி மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரல் 11 அன்று கடையை எதிர்த்து மறியல் செய்த பெண்களில் ஒருவரைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது அந்தப் பெயர்ச்சியின்போதுதான்.

தூரத்தை அளப்பதை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் கடை இருக்கக் கூடாதுதான். ஆனால் 51-வது மீட்டரில் இருக்கும் கடையில் ஆண்டுக்கு நாலு கத்திக்குத்து நடந்தாலும் டேப்புக்கு அது தெரியாது. நம் சட்டம் கடை இருக்கும் இடத்தை அளக்கிறது, அங்கே நடப்பதைக் கணக்கெடுப்பதில்லை.

இங்கிலாந்தில் எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். அங்கே 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் நாலு நோக்கங்களை எழுதி வைத்திருக்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைக் காப்பது. ஒரு பப் இவற்றில் எதைக் கெடுத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர்கூட உள்ளாட்சி மன்றத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். கடுமையான வன்முறை என்றால் இன்னொரு வேகமான பாதை. மூத்த போலீஸ் அதிகாரி சான்றளித்து விண்ணப்பித்தால், 48 மணி நேரத்துக்குள் தற்காலிக நடவடிக்கை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்; 28 நாளுக்குள் முழு விசாரணை நடக்க வேண்டும்.

விசாரணை முடிவில் ‘மூடு’, ‘திற’ என்று இரண்டே கதவு இல்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேரத்தைக் குறைக்கலாம். கண்ணாடி டம்ளர் கூடாது என்று நிபந்தனை போடலாம். வாசலில் பயிற்சி பெற்ற காவலர் வேண்டும் என்று சொல்லலாம். பொறுப்பு மேலாளரை மாற்றச் சொல்லலாம். மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். எதுவும் பலிக்கவில்லையென்றால் ரத்து. நடத்துகிறவருக்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு.

நம்மிடம் நடுவில் இப்படிப் படிக்கட்டுகள் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் நம் போராட்டம் எல்லாம் உயிரைப் பணயம் வைக்கிற போராட்டமாக மாறுகிறது. காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தின்மேல் ஏறி நின்று நடத்திய போராட்டத்தில் இறந்துபோனார். ஒரே ஒரு டாஸ்மாக் கடையை அங்கிருந்து எடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஒரு கடையைப் பற்றி ஒரு மனிதர் முறையாகக் கேட்டு, முறையாகப் பதில் பெறுவதற்கு ஒரு மேசை இருந்திருந்தால் அவர் கோபுரம் ஏறியிருக்க வேண்டியதில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

அரசும் மொத்தமாகத்தான் மூடுகிறது. 2016-ல் 500 கடை, 2017-ல் 500, 2023 ஜூன் 22-ல் 500. எண்ணிக்கை முதலில் வருகிறது, கடைகள் பிறகு வருகின்றன. ஊரே கொதித்தால் மட்டும் தனி இடத்துக்கு வேகம் பிறக்கும். புனேயில் 2024 மே 19 அன்று 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, அவனுக்கு மது கொடுத்த இடங்களுக்குச் சில நாட்களில் சீல் வைத்தார்கள். அதே வேகம் பத்திரிகையில் வராத சாவுக்கும் வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பப்காரர் ஒருவர், விசாரிக்கிற மன்றம் வேறொன்று. இங்கே விற்பதும் அரசு, உரிமம் தருவதும் அரசு. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தன் கடையைத் தானே விசாரிப்பதென்றால் எந்த அரசுக்கும் கை தயங்கும். பாரை மட்டும் மூடினாலும் தொல்லை தீராது; கடை திறந்திருக்க, குடிப்பவர்கள் கண்மாய்க் கரைக்கும் தோப்புக்கும் பள்ளி மைதானத்துக்கும் நகர்வார்கள். அதனால்தான் நிபந்தனைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். வெளிச்சம், கேமரா, நேரம், கூட்டக் கணக்கு, கண்ணாடி பாட்டில் எங்கே போகிறது என்ற கணக்கு.

பாட்டில் என்றதும் நினைவுக்கு வருகிறது. காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் நீதிமன்றம் கண்டித்துச் சொன்ன பிறகு 2022-ல் நீலகிரியில் தொடங்கியது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அதற்காகப் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். காட்டில் கிடக்கும் கண்ணாடிக்குப் பொறுப்பேற்க வைக்க முடிகிறது. அதே பாட்டில் ஒருவர் கழுத்தில் இறங்கினால், அது எந்தக் கடையின் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆனால் அந்தக் கணக்குக்கான தகவல் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ‘சம்பவ இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், என்ன முகவரி என்று ஏட்டு நிரப்பியே ஆக வேண்டும். ‘டாஸ்மாக் கடை அருகில்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். கடை எண்ணைச் சேர்த்து எழுதினால் போதும், ஆண்டு முடிவில் எந்தக் கடை எத்தனை சம்பவம் என்று எண்ணிவிடலாம். திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் ரவுடிக்குக் காவல் நிலையத்தில் ஹிஸ்டரி ஷீட் திறக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சம்பவம் நடக்கும் பாருக்கும் ஒன்று திறப்பதில் என்ன தடை?

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மக்கள் குறைதீர் நாள். யாராவது தீக்குளிக்க மண்ணெண்ணெய் கேன் கொண்டுவந்திருக்கிறார்களா என்று வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள்; மனு எந்த அளவுக்கு நம்பிக்கை இழந்த காகிதமாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பெரும்பாலான மனுக்களில் ‘மிகவும் தொந்தரவாக உள்ளது, கடையை அகற்றித் தரவும்’ என்றுதான் இருக்கும். அந்த வரியை எந்தத் துறைக்கும் தள்ளிவிடலாம். தேதி, நேரம், கடை எண், முதல் தகவல் அறிக்கை எண் என்று நாலு பத்தி இருந்தால் தள்ளுவது கடினம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, சில வகை வழக்குகள் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகள் 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவின் நகல் ஆயத்துறை உதவி ஆணையருக்கும், டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும், காவல் கண்காணிப்பாளருக்கும் போகட்டும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. ஊராரின் நலத்துக்குக் கேடு செய்யும் தொழிலைத் தடை செய்யவோ ஒழுங்குபடுத்தவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம் என்கிறது அது. ‘ஒழுங்குபடுத்தவோ’ என்ற இடத்தில் நாம் தேடுகிற படிக்கட்டு இருக்கிறது. 1980-ல் ரத்லாம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்தப் பிரிவைக் கொண்டுதான், திறந்த சாக்கடையிலும் சாராய ஆலைக் கழிவிலும் தவித்த தெருக்காரர்களுக்கு வழி செய்தார். காசில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை அவர் ஏற்கவில்லை. கோட்டாட்சியர் அசையவில்லையென்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

அரசிடம் கேட்பதும் பெரிதில்லை. 2003 விதிகளில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்: ஓராண்டில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வன்முறை வழக்கு பதிவான கடையையும் பாரையும் ஆட்சியர் 28 நாளுக்குள் பொது விசாரணைக்கு எடுக்க வேண்டும், அந்த விசாரணையில் டாஸ்மாக் அதிகாரி முடிவெடுப்பவராக அல்ல, பதில் சொல்பவராக உட்கார வேண்டும். விதியைத் திருத்த அரசாணை போதும். திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இதைக் கேளுங்கள். அதுவரை, அடுத்த திங்கட்கிழமை மனு எழுதுகிறவர்கள் ‘கடையை மூடுங்கள்’ என்ற வரிக்கு மேலே கடை எண்ணையும் வழக்கு எண்களையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.