புந்துக் முதல் பந்தூக் வரை: மான் வேட்டைத் தோட்டாவும் ஃபிக்ஹுச் சட்டமும்

அரபியில் ‘புந்துக்’ என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். இன்று ஹேசல்நட் என்று கடைகளில் விற்கப்படுவது அதுதான். அக்கொட்டையின் அளவில் களிமண்ணை உருட்டிக் காயவைத்து, வில்லில் வைத்துப் பறவைகளை அடித்தனர். அவ்வுருண்டைக்கும் ‘புந்துகா’ என்றே பெயராயிற்று. வெடிமருந்து வந்தபின் ஈயக் குண்டும், பிறகு அதனை உமிழும் கருவியும் அதே பெயரைச் சுமந்தன. உருதுவின் ‘பந்தூக்’ இவ்வழி வந்ததே. (நம் ‘துப்பாக்கி’ துருக்கியச் சொல்லின் வழித்தோன்றல், அது வேறு கதை.) சொல் ஆராய்ச்சியில் உள்ள ஆசையால் இதனைக் கூறவில்லை. களிமண் உருண்டையைப் பற்றி முன்னோர் உரைத்த தீர்ப்பு, பெயர் ஒன்றாயிருந்த காரணத்தால் தோட்டாவின் மீதும் ஏற்றப்பட்டதே பிற்காலக் குழப்பத்தில் பாதிக்குக் காரணம்.

வேப்பனப்பள்ளிப் பகுதி கருநாடக, ஆந்திர எல்லைகள் இரண்டையும் அடுத்தது. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். ஓசூர் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து அங்கிருந்து கடல் கடந்து சென்றோரும் உளர். எனவே வேட்டை பற்றிய வினாக்கள் இரு திசைகளிலிருந்து நம்மிடம் வருகின்றன. அமெரிக்காவில் வாழும் ஒருவர், அரசு உரிமம் பெற்று மான் வேட்டையாடுகிறோம், இறைச்சி சிதையாதிருக்க எத்தகைய தோட்டா ஏற்றது, அவ்விறைச்சி ஹலாலா என்று கேட்கிறார். உள்ளூரில் இருப்பவரோ, இரவில் ஒருவர் மான்கறி கொணர்ந்து பிஸ்மில்லாஹ் கூறியே சுட்டதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார். இவ்விரண்டும் ஒரே வினாவெனத் தோன்றினும் அவ்வாறல்ல.

முதல் வினாவுக்கு மூலம் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம். அதன் மூன்றாம் வசனம் விலக்கிய உணவுகளுள் ‘மவ்கூதா’ ஒன்று. அதாவது கனத்த பொருளால் அடிபட்டுச் செத்தது. அடுத்த வசனம் வேட்டையை அனுமதிக்கிறது. இரண்டுக்கும் இடையே கோடு கிழித்துத் தருவது அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். ‘மிஃராத்’ எனும் இறகில்லாத் தடியம்பு பற்றி அவர்கள் வினவ, அது கூர்முனையால் துளைத்திருப்பின் உண்ணலாம், அகலப்பக்கத்தால் அடித்துக் கொன்றிருப்பின் உண்ணலாகாது எனும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். கருவி ஒன்றே, எறிந்தவரும் ஒருவரே. பட்ட விதமே சட்டத்தை மாற்றுகிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் களிமண் உருண்டையால் கொல்லப்பட்டதை மவ்கூதா எனக் கூறியதும் இக்கோட்டின்படியே.

ஈயக் குண்டு வந்ததும் இமாம்கள் பிரிந்தனர். மாலிகீ மத்ஹபில் ஃபேஸ் நகரத்து அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். எகிப்தின் அத்தர்தீர் (ஹிஜ்ரி 1201), அத்தஸூகீ (ஹிஜ்ரி 1230) ஆகியோரும் அவ்வாறே கருதினர். யமனின் இமாம் ஷவ்கானி (ஹிஜ்ரி 1250), இவ்வாயுதம் யமனுக்கு ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டிலேயே வந்ததால் முன்னோர் இதைப் பற்றிப் பேசவில்லை என்று குறிப்பிட்டு, ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுவதால் இது துளைக்கும் கருவியே என்று முடிவு செய்தார்கள். ஹனஃபிகளிடையே பெரும் சான்றான டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ஹிஜ்ரி 1252) இதற்கு மாறானவர்: ஈயத்துக்குக் கூர் இல்லை, வேகமாக உந்தப்படும் கனத்தாலும் சூட்டாலுமே அது காயப்படுத்துகிறது, ஆகவே உயிருடன் அடைந்து அறுத்தாலன்றி ஆகுமானதன்று. துணைக்கண்டத்து ஹனஃபி ஃபத்வாக்களில் பெரும்பாலானவை இவ்வழியிலேயே நிற்கின்றன. கூர்முனைத் தோட்டாவை வேறாகக் கருதும் முஃப்திகளும் சிலர் உளர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்னு ஆபிதீன் கண்முன் இருந்தது வாய்வழி மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியின் உருண்டை ஈயக் குண்டு. இன்றைய வேட்டைத் தோட்டாவோ கூம்பிய முனையுடையது. செம்புப் போர்வை பூண்டது. ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள தோட்டா ‘முப்பது-நாட்-ஆறு’ வகைத் துப்பாக்கியிலிருந்து வினாடிக்கு 2,700 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. சட்டத்தின் காரணமாகிய ‘இல்லத்’ மாறிவிட்டதா என்பதே நாம் ஆராய வேண்டுவது. அதனை அறிய, தோட்டா சதைக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

முழுதும் உலோகப் போர்வை பூண்ட போர்த் தோட்டா உருமாறாமல் ஊடுருவிச் செல்லும். இறைச்சி குறைவாகவே கெடும். ஆனால் மான் உடனே சாகாது. நெடுந்தூரம் ஓடி எங்கோ புதரில் துன்புற்று மடியும். முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைத் தோட்டாவும் குழிமுனைத் தோட்டாவும் உள்ளே புகுந்ததும் காளான் போல விரிந்து, அகன்ற காயம் உண்டாக்கி, விரைவில் கொல்லும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் செய்யப்பட்டுப் பெயர்பெற்ற தோட்டாவும் விரியும் இனத்ததே. மனிதர்மீது அதனைப் போரில் ஏவுவதை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடைசெய்தது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டமோ, துப்பாக்கியால் மானைச் சுடுவோர் விரியும் தோட்டாவையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. முரணாகத் தோன்றினும் காரணம் தெளிவு: மானை வேட்டையாடுபவன் அதனைக் காயப்படுத்தி விட்டுவிடக் கூடாது. கொல்லும்போதும் அழகிய முறையைக் கையாளுமாறு பணிக்கும், ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் நோக்கத்துக்கு இது அயலானதன்று.

விரிவதிலும் தரம் உண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இலேசான, மெல்லிய போர்வையுடைய தோட்டா மிகு வேகத்துடன் அருகிலிருந்து பட்டால் தோலைத் தாண்டியதும் தூள்தூளாகச் சிதறும். சுற்றியுள்ள சதை அதிர்ச்சியால் கன்றி, இரத்தம் உறைந்து, கருஞ்சிவப்புக் கூழாகிவிடும். தோள் எலும்பில் பட்டால் எலும்புத் துண்டுகளும் சேர்ந்து சிதறி ஒரு தோள் முழுவதும் வீணாகும். மாறாக, சற்றுக் கனத்த தோட்டா மிதமான வேகத்தில் பட்டு, அளவாக விரிந்து, எடையை இழக்காமல் மறுபுறம் வெளியேறினால் இரு துளைகள் ஏற்படும். இரத்தம் வழிந்து தடமும் கிடைக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவின் ஊடே நுரையீரலை நோக்கிச் சுடுவோருக்கு இழப்பு விலா இறைச்சியில் கொஞ்சமே.

ஃபிக்ஹின் கோடும் சமையலறையின் கணக்கும் இங்கே ஒரே பக்கம் சாய்வதைக் காண்கிறோம். சிதறி அதிர்ச்சியால் கொல்லும் தோட்டா இறைச்சியையும் கெடுக்கிறது, ‘அடித்தல்’ எனும் ஐயத்துக்கும் நெருங்கி நிற்கிறது. எடை குன்றாமல் ஊடுருவும் தோட்டா இறைச்சியையும் காக்கிறது, ஷவ்கானி கூறிய துளைத்தலையும் நிறைவேற்றுகிறது. உள்ளே போய் விரிவது அகலப்பக்கத்தால் அடிப்பதாகாதா என்று மாணவர் ஒருவர் வாதிட்டார். நல்ல கேள்வி. ஆயினும் தோலைக் கிழித்துப் புகுவது முனையே. அகன்ற அலகுடைய அம்பும் அகன்ற காயமே செய்கிறது, அதனை எவரும் மவ்கூதா என்பதில்லை.

ஹனஃபி வேட்டைக்காரர் இங்கே ஓர் இடுக்கில் மாட்டுகிறார். உயிருடன் அடைந்து அறுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் காலையோ இடுப்பையோ குறிவைத்துச் சுடுவோர் உண்டெனக் கேள்விப்படுகிறோம். பேணுதலின் பெயரால் நிகழும் கொடுமை இது. நுரையீரலில் பட்ட மான் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வீழ்ந்துவிடும். கத்தியுடன் ஓடினாலும் எட்டாது. தம் மத்ஹபின் பிரபலமான தீர்ப்பில் நிற்க விரும்புவோர் அவ்விறைச்சியைத் தவிர்த்துக்கொள்ளட்டும். வேட்டையாடியே தீருவோம் என்பவர், மாலிகீ அறிஞர்களும் ஷவ்கானியும் சென்ற வழியில், நன்கு துளைக்கும் தோட்டாவால் விரைந்து கொல்லட்டும். இந்த எளியவனுக்குப் பின்னதே வலுவாகத் தெரிகிறது. உயிரிருக்க எட்டிவிட்டால் அறுப்பது எல்லார்க்கும் கடமை. உயிரோடிருக்கையில் தோட்டா பிய்த்தெறிந்த உறுப்பு செத்ததன் சட்டம் பெறும். கன்றி இரத்தம் உறைந்த சதையை வெட்டி எறிய வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஈயத் தோட்டாவால் சுடப்பட்ட 30 மான்களை ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது முப்பதிலும் உலோகத் துணுக்குகள் இருந்தன. அவற்றுள் 24 மான்களின் கொத்திறைச்சியிலும் அவை கலந்திருந்தன. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றிலும் விலக்கிவிட்டது. முழுச் செம்பாலான தோட்டா விரிந்தாலும் சிதறுவது அரிது. ஆகவே அமெரிக்காவிலிருந்து கேட்டவருக்கு நாம் கூறும் விடை: முழுச் செம்பு, மித வேகம், விலாவின் ஊடே.

இனி உள்ளூர் வினா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மான் வேட்டையைத் தடுக்கிறது. நம் மாவட்டக் காடுகளில் 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு எனச் சரணாலயங்களும் அறிவிக்கப்பட்டுள்ளன. மேய்ச்சல் நிலத்தைப் பொதுநலனுக்காக ஒதுக்கி ‘ஹிமா’ ஆக்கும் முறை நபிகளார் காலத்திலும் உமர் (ரலி) காலத்திலும் இருந்ததை அறிந்தவர்கள் இதனை அந்நியமாகக் கருத மாட்டார்கள். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, முறைகேடாகக் கொல்லப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் மாநில அரசின் உடைமை என்கிறது. எனவே பிஸ்மில்லாஹ் கூறினாரா என்ற கேள்விக்கு முன்பே, விற்பவரிடம் விற்க எதுவுமில்லை. நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்துடன் அடைக்கப்படும் பால்ரஸ் குண்டுகள் கூரில்லாத உருண்டைகள். இப்னு ஆபிதீனின் சொல் அட்சரம் பிசகாமல் அவற்றுக்கே பொருந்தும். பழத்தில் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் வாயைக் கிழித்துப் பட்டினியால் கொல்கிறது. அதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

உரிமத்துடன் வேட்டையாடுவோருக்கு இன்னொரு நுணுக்கம் ஹிதாயாவில் உள்ளது. அறுப்பில் பிஸ்மில்லாஹ் பிராணிக்குரியது. கூறியபின் கத்தியை மாற்றினாலும் செல்லும். வேட்டையில் அது கருவிக்குரியது. ஓர் அம்பின் மீது கூறிவிட்டு வேறோர் அம்பை எய்தால் செல்லாது. ஆகவே ஐந்து தோட்டாக்களை நிரப்பும்போது ஒருமுறை கூறினால் போதுமா என்றால், போதாது. விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கூற வேண்டும்.