செம்முடியும் வலியும்
செம்முடி உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவை என்று மேலைநாட்டு மயக்க மருத்துவர்களிடையே வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. 2004-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் அதைச் சோதித்தார்கள். செம்முடிப் பெண்களுக்கு டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு 19 சதவீதம் அதிகம் தேவைப்பட்டது. சோதனையில் இருந்ததோ இருபதே பேர். 2012-இல் 468 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. எனவே அந்த 19-ஐ அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தவிர, நினைவை மயக்குவது வேறு, வலியை அடக்குவது வேறு.

ஆனாலும் செம்முடிக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செம்முடிக்குக் காரணம் எம்சி1ஆர் மரபணுவில் நேரும் மாற்றம். அந்த மாற்றமுள்ள எலிகள் வலியைக் கூடுதலாகவே தாங்குகின்றன. ஏன் என்பதை 2021-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அவற்றின் நிறமிச் செல்கள் பிஓஎம்சி என்ற புரதத்தைக் குறைவாகச் சுரக்கின்றன. அந்தப் புரதம் துண்டாகும்போது வலியைக் கூட்டும் ஹார்மோனும் பிறக்கும், தணிக்கும் எண்டார்ஃபினும் பிறக்கும். இரண்டுமே குறைந்தாலும் தராசு தணிக்கும் பக்கம் சாய்கிறது. நிறமா காரணம் என்று கேட்கலாம். இல்லை, இதே மாற்றத்தோடு நிறமியே இல்லாமல் பிறந்த எலிகளும் அப்படித்தான் தாங்கின. ஆனால், 2005-இல் சோதிக்கப்பட்ட செம்முடிப் பெண்களுக்குச் சூடும் குளிரும் சீக்கிரமே வலித்தன. இது முரண்போலத் தோன்றும். வலி ஒரே வகையானது என்று எண்ணும்வரைதான்.