காதால் வந்த கர்னல், கண்ணால் வந்த பிளம்பர்

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டுறவே இல்லாத சொற்களைத் தேடினால், ராணுவப் பதவிகள் இரண்டு முன்னால் வந்து நிற்கும். ஒன்று கர்னல். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கொலோனல்’ என்றுதான் வரும். நாம் சொல்லும் ரகரம் எழுத்தில் எங்குமே கிடையாது. மற்றது லெப்டினன்ட். பிரிட்டிஷார் அதில் ஒலிக்கும் ‘ஃப்’புக்கு உரிய எழுத்து அதில் இல்லை. ஆனாலும் இந்த இரண்டையும் எழுத்துப்படி சொல்லும் தமிழரைக் காண்பது அரிது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவரும் கர்னல் என்றே சொல்வார். பட்டம் பெற்றவரோ, கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லை ‘டெப்ட்’ என்கிறார். ‘ரிசீட்’ அவர் வாயில் ‘ரிசிப்ட்’ ஆகிறது. ஓட்டலின் ‘ஸ்வீட்’ அறை ‘சூட்’ ஆகிறது. முன்னவை பட்டாளத்தின் வழியே காதில் விழுந்தவை. பின்னவை புத்தகத்தின் வழியே கண்ணில் பட்டவை. நம்முடைய உச்சரிப்புப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு நாக்கின் மேல் பழி போட முடியாது. சொல் வந்த வழியில்தான் கோளாறு.

அந்த வழியைக் கெடுத்ததில் ஆங்கிலேயருக்கே பெரும்பங்கு உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியபோது, ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. அந்த மாற்றம் 18-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஓய்ந்தது. எழுத்து முறையோ அதற்கு முன்பே அச்சில் உறைந்துவிட்டது. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் முதலெழுத்து ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ஒலி போன பின்னும் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. இது போதாதென்று பண்டிதர்களும் கை வைத்தார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த ‘டெட்’டில் ‘பி’ என்ற எழுத்தே கிடையாது. லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக அதைப் பிறகு செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் உள்ள ‘எஸ்’ஸும் இப்படித் தவறான உறவு கற்பித்து நுழைக்கப்பட்டதுதான். ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்றொரு வாத்தியார் வருகிறார். ஊரார் ‘டெட்’டின் ‘பி’யை விழுங்குகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். நம் மாணவர் ‘டெப்ட்’ என்று சொன்னால் அவர் மெச்சியிருப்பார்!

தமிழ் படித்தவருக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை அதிகம். அது நியாயமான நம்பிக்கையும்கூட. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும், இடத்தைப் பார்த்ததும் ஒலி தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்குள் போகிறவர் ஏமாறுகிறார். இதற்கு மருந்தாக, தவறாக உச்சரிக்கப்படும் நூறு சொற்கள் என்று பட்டியல் போட்டுத் தருகிறார்கள். பாதாமைக் குறிக்கும் சொல்லில் ‘எல்’ ஒலிக்காது, வாளைக் குறிக்கும் சொல்லில் ‘டபிள்யூ’ ஒலிக்காது என்ற வகை. மனப்பாடம் செய்யலாம், தவறில்லை. ஆனால் நூற்றோராவது சொல்லுக்கு அந்தப் பட்டியல் உதவாது. அதைவிட, பட்டியலில் இடம்பெறாத பெரிய பிழை ஒன்று இருக்கிறது: அழுத்தம்.

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கும்; மற்றவை சுருங்கும். ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசை ஓங்குகிறது. படம் எடுப்பவரைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, ஏறத்தாழ ‘ஃபடாக்ரஃபர்’ என்றாகிறது. தமிழில் சொல்லின் பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை. அதனால் நாம் எல்லா அசைக்கும் சமமாகப் படியளக்கிறோம், அல்லது முதல் அசையை ஓங்குகிறோம். ‘டெவலப்’, ‘ஹோட்டல்’, ‘கமிட்டி’ மூன்றிலும் இரண்டாம் அசைதான் ஓங்க வேண்டும். சுருங்கும் உயிர் நமக்கு அந்நியம் அல்ல. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்தவர்கள் நம் இலக்கணிகள். அந்தச் சுருக்கத்தை ஆங்கிலம் சொல்லின் எந்த இடத்திலும் செய்கிறது, அவ்வளவுதான். விதிகளும் ஓரளவு உண்டு: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த ஈற்றுக்கு முந்தைய அசையே ஓங்கும். எஜுகேஷனில் ‘கே’, எகனாமிக்கில் ‘னா’, யுனிவர்சிட்டியில் ‘வர்’. இந்த ஒரு விதி ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருந்தும். ‘பாலிடிக்ஸ்’ போன்ற விலக்குகளைத் தனியே கற்றுக்கொள்ளலாம்.

இந்திய ஆங்கிலம் தனி வழக்காகிவிட்டது, லண்டனைப் பார்த்து ஏன் நாக்கைச் சுழற்ற வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி சரி. நம் டகரமும், ‘திங்க்’கில் நாம் போடும் தகரமும் பெரும்பாலும் யாரையும் குழப்புவதில்லை. மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட நூலில், பன்னாட்டுப் பேச்சுக்கு ‘திங்க்’கின் ஆங்கில முதலொலி கட்டாயமில்லை என்றார். குறில் நெடில் வேறுபாடு அவசியம் என்றார். அது நமக்குக் கைவந்த கலை. சொல்லழுத்தத்தையும் அவர் கட்டாயமாக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஆராய்ந்தது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசும் பேச்சை. இந்தியரின் ஆங்கிலத்தை வெவ்வேறு நாட்டவரைக் கேட்கச் செய்து ஆராய்ந்த ஆர்.கே. பன்சாலின் ஆய்வு 1969-இல் ஹைதராபாத்தில் வெளியானது. புரியாமல் போனதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று இடம் மாறிய சொல்லழுத்தம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், கொள்ளாதவர் என்ற இரு தரப்போடும் பேசவேண்டிய நமக்கு இந்த முடிவைத் தள்ளிவிட வழியில்லை. அழுத்தம் பிடிபட்டவருக்கு, வேகமாகப் பேசும் வெளிநாட்டவரின் பேச்சும் பிடிபடும்.

ஆங்கிலேயரே மாறுகிறார்களே என்ற கேள்வியும் உண்டு. ‘ஆஃபன்’ என்ற சொல்லில் ஒலி இழந்த ‘டி’யை எழுத்தைப் பார்த்து மீண்டும் ஒலிப்பவர்கள் அங்கே ஏராளம். அதனால் ‘ஆஃப்டன்’ என்பவரைத் திருத்துவது வீண்வேலை. பிளம்பரையும் விட்டுவிடலாம், தமிழ்ப் பேச்சில் அது தமிழாகிவிட்ட சொல், ஆங்கிலம் பேசும்போது மட்டும் ‘பிளமர்’ என்றால் போதும். கேட்பவருக்குப் பொருள் விளங்காமல் போகும் பிழையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

ஆக, புதுச் சொல்லை எழுத்துக்கு முன் காதுக்குக் கொடுங்கள். கைப்பேசி அகராதிகள் பலவும் சொல்லை ஒலித்துக் காட்டுகின்றன. அச்சு அகராதிகள் பலவற்றில் ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன செங்குத்துக் கோடு இருக்கும். பொருள் பார்க்கும்போதே அந்தக் கோட்டையும் பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் எழுதுவதற்கு முன் சொல்லை வாயால் சொல்லிக் காட்டுங்கள், மாணவர்கள் திருப்பிச் சொன்ன பிறகு சாக்பீஸை எடுங்கள்.