பாலத்துக்குக் கணக்குப் போட்டவர்கள்



சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் பக்கம் போகிறவர்கள், புதிய கட்டடம் எழும்பும் இடங்களில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று வகையான பெயர்கள் இருக்கும். ஒன்று, பணம் போடும் உரிமையாளர் பெயர். இன்னொன்று, ஆள் வைத்துக் கட்டும் குத்தகையாளர் பெயர். மூன்றாவதாக 'ஜுருத்திரா பெருண்டிங்' என்று எழுதி ஒரு பெயர் இருக்கும். தமிழில் ஆலோசகப் பொறியியலாளர் என்று சொல்லலாம். இவர்கள் கல்லும் தூக்குவதில்லை, சிமெண்டும் விற்பதில்லை. அப்படியானால் இவர்களுக்கு அங்கே என்ன வேலை? அதைத்தான் இன்று காண்போம்.

ஒரு கட்டடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், அடியில் உள்ள மண் எத்தகையது, தூண் எத்தனை, கம்பி எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டு, வரைபடம் தயாரித்துக் கொடுப்பது இவர்களின் முதல் வேலை. குத்தகை விடுவதற்கான பத்திரங்களைத் தயாரிப்பதும், வேலை நடக்கும்போது வரைபடத்தின்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் அடுத்த வேலை. கட்டுகிறவரே கணக்கையும் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தராசைப் பிடிப்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே என்றால் என்ன நடக்கும் என்பது தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பியைக் குறைத்தால் குத்தகையாளருக்கு லாபம். ஆகவே, கம்பியின் அளவைத் தீர்மானிப்பவர் அந்த லாபத்தில் பங்கில்லாதவராக இருக்க வேண்டும்.

இத்தகைய நிறுவனங்களில் ஒன்றின் வரலாற்றைப் பார்ப்போம். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் ஹாரிங்டன், ஹவார்ட், ஆஷ் என்ற மூன்று பொறியியலாளர்கள் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பாலங்களுக்கு வரைபடம் போடுவது அவர்கள் தொழில். பங்காளிகள் மாற மாற நிறுவனத்தின் பெயரும் மாறியது. 1941இல் அது ஹவார்ட், நீடில்ஸ், டாமன், பெர்கன்டாஃப் என்று ஆயிற்று. நீளமான பெயராகையால் முதலெழுத்துகளைச் சேர்த்து எச்.என்.டி.பி. என்று அழைக்கிறார்கள். இன்றும் அந்தப் பெயரில் இயங்கி வருகிறது.

கன்சாஸ் சிட்டி எங்கே, நம் பினாங்கு எங்கே என்று எண்ண வேண்டாம். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் வரைபட வேலையில் பங்கு கொண்ட நிறுவனம் இதுதான். அதற்கு முன் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போக வேண்டுமென்றால் ஃபெரிதான் கதி. பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல் நிற்கிறது. கப்பல் போகும் நடு இடத்தில் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி 225 மீட்டர். அவ்வளவு அகலத்துக்குக் கீழே தாங்க ஒன்றுமில்லாததால், உயர்ந்த கோபுரத் தூண்களிலிருந்து சாய்வாக இறங்கும் கம்பி வடங்கள் சாலையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. கட்டியது தென்கொரியாவின் ஹியுண்டாய் நிறுவனம்.

இந்தப் பாலத்தின் தலைமை வடிவமைப்பாளர் என்று போற்றப்படுபவர் நம் நாட்டுப் பேராசிரியர் சின் ஃபுங் கீ. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் போதித்தவர். பின்னர் ஜுருத்திரா கொன்சுல்தான் என்ற ஆலோசக நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் 1970இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறையை உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் 'சின் முறை' என்று படிக்கிறார்கள். அது என்னவென்று பார்ப்போம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

கடலடியில் சேறு. அதில் பைலிங் இறக்குகிறார்கள். ஒரு பைல் எவ்வளவு பாரம் தாங்கும்? உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த பைல் வீணாகிவிடும். உடைக்காமலே அதன் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 50 டன் ஏற்றினால் பைல் 2 மில்லிமீட்டர் இறங்குகிறது. 100 டன்னுக்கு 6 மில்லிமீட்டர். 150 டன்னுக்கு 18 மில்லிமீட்டர். இறக்கத்தைப் பாரத்தால் வகுத்துப் பாருங்கள். 0.04, 0.06, 0.12 என்று வரும். இப்போது கவனியுங்கள். இறக்கம் 2இலிருந்து 6 ஆக, அதாவது 4 மில்லிமீட்டர் கூடும்போது, வகுத்த எண் 0.02 கூடுகிறது. 6இலிருந்து 18 ஆக, 12 மில்லிமீட்டர் கூடும்போது 0.06 கூடுகிறது. இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு 0.005 வீதம். படமாக வரைந்தால் நேர்கோடு. ஒன்றை 0.005ஆல் வகுத்தால் 200. ஆகவே அந்த பைலின் எல்லை ஏறத்தாழ 200 டன். எல்லைவரை யாரும் ஏற்ற மாட்டார்கள். பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் பாரம் வைப்பார்கள். பார்த்தீர்களா? கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தவர் கடலுக்கடியில் உள்ள மண்ணின் பலத்தைக் கரையில் உட்கார்ந்தே எடை போடுகிறார்.

இரண்டாவது பாலம் நம் வாசலிலேயே இருக்கிறது. 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டு, பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் பாலம். அதன் தூண்களுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இயற்கை ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கடுக்காகச் சேர்த்த மெத்தைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நிலநடுக்கம் வந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர். நம் பெற்றோரும் பாட்டன்மாரும் விடியற்காலையில் சீவி எடுத்த பால்மரத்தின் பால், இன்று பாலத்தைத் தாங்கும் பொருளாகவும் ஆகியிருக்கிறது.

கணக்கும் மேற்பார்வையும் தவறினால் விளைவு கொடியது. 1988 ஜூலை 31ஆம் நாள், இரண்டு திருவிழாக்களுக்குப் புறப்பட்ட கூட்டம் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் நிறைந்திருந்தபோது தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 1993 டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம், பின்னாலிருந்த மலைச்சரிவு சரிந்து சாய்ந்தது. 48 உயிர்கள் போயின. அந்த வழக்கில் 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தகுதியில்லாமல் கட்டடக் கலைஞரின் வேலையைச் செய்த வரைவாளரும், பொறியியலாளரும் பொறுப்பாளிகளில் அடங்குவர் என்றது. வரைபடத்தில் போடும் கையெழுத்து வெறும் மையல்ல, உயிர்களுக்குப் பிணை.

நமக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களும், கோயிலுக்கு மண்டபம் எழுப்புகிறவர்களும், "எங்களுக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார், பிளான் எதற்கு?" என்று இருந்துவிடக் கூடாது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற பொறியியலாளரா என்று கேளுங்கள். அவர் கையெழுத்திட்ட வரைபடத்தை நகராண்மையிடம் கொடுத்து அனுமதி பெறுங்கள். மாடி ஒன்று கூட்டுவதற்கும், நடுச்சுவர் ஒன்றை இடிப்பதற்கும்கூட முதலில் அவரைக் கேளுங்கள். அந்தச் செலவு வீண் செலவல்ல.

இரண்டாவது, பிள்ளைகளைப் பற்றியது. கட்டட வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் கம்பி கட்டவும் கலவை சுமக்கவுமே போகிறார்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் அதே இடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கம்பி போதாது" என்று சொல்லும் அதிகாரமுள்ள நாற்காலியும் ஒன்று இருக்கிறது. அதற்குப் போகும் வழி கணிதமும் அறிவியலும். பல்கலைக்கழகம் எட்டாவிட்டாலும் பொலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் படித்து வரைவாளராகவோ மேற்பார்வையாளராகவோ தொடங்கலாம். உங்கள் பிள்ளை வாய்ப்பாட்டில் தடுமாறினால், "நமக்கெல்லாம் கணக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, இன்று நாம் போட்ட பைலிங் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.