சின்ன உடம்புக்கு ஒரு தனி ஆஸ்பத்திரி



எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பெயர் உண்டு. குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது, காய்ச்சல் விடவே இல்லை என்றால் எதிர்வீட்டுப் பாட்டி உடனே சொல்வார்: "எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கம்மா!"

நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறதே! 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. அதனால்தான் வயதானவர்கள் அதை இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கிறார்கள். அங்கேயும் குழந்தைகளுக்கு வைத்தியம் உண்டு. அப்படியிருக்க, குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு பெரிய மருத்துவமனை எதற்கு?

அப்பாவின் பழைய சட்டையை வெட்டித் தைத்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும். அப்பாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் உங்களுக்குச் சரியாக இருக்குமா? இருக்காது! குழந்தை என்பது அளவில் குறைந்த பெரிய மனிதர் அல்ல. அதன் உடம்பு வேலை செய்யும் விதமே வேறு. ஆஸ்பிரின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சாதாரணமாக விழுங்குவது அது. காய்ச்சல் வந்த குழந்தைக்கு அதைக் கொடுத்தால், அரிதாக மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு நோய் வரக்கூடும். அதனால் டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். குழந்தை வைத்தியத்தில் முதலில் எடை பார்ப்பதும் இதற்காகத்தான். மருந்தின் அளவை எடைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. கடிகாரத்தைப் பார்த்தபடி, உங்கள் அப்பா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணுங்கள். அவரிடம் சொல்லாமல் எண்ணுங்கள், சொன்னால் மாற்றி விடுவார்! பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் வரும். வீட்டில் பிறந்து சில நாளே ஆன தம்பிப் பாப்பா இருந்தால், அவன் தூங்கும்போது எண்ணிப் பாருங்கள். நாற்பதுக்குப் பக்கத்தில் வரும். அவனுடைய இதயமும் நிமிடத்துக்கு 120க்கு மேல் துடிக்கும்.

நம் பகுதிக்கு இது மிகவும் முக்கியமான கணக்கு. வேகமாக மூச்சு விடும் சின்ன உடம்பு, தன் எடைக்கு அதிகமான காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று கெட்டால் அதுவும் அதிகமாகவே உள்ளே போகும். மூச்சுக்குழாயும் குறுகலானது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, நினைவிருக்கிறதா? கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மக்கள் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஸ்டான்லி உள்ளிட்ட மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளி மாணவர்களுக்கே வகுப்பில் நெடி தாங்காமல் மூச்சுத்திணறியது. பெரியவர்கள் "ஏதோ நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போதே ஒரு குழந்தைக்கு நெஞ்சு அடைக்கலாம். அப்படி அடைத்தால் உடனே ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லிவிடுங்கள், பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் நோயாளிக் குழந்தைகள் பெரியவர்களோடு அதே கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். ஒரு நோய்க்காகப் போய் இன்னொரு நோயை வாங்கி வந்தார்கள். 1802இல் பாரிஸ் நகரில் குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1852இல் லண்டனில் ஒன்று வந்தது. அதில் இருந்தவை பத்தே பத்துப் படுக்கைகள்! 'பீட்டர் பான்' கதையை எழுதிய பேரி, அந்தக் கதையின் உரிமையை 1929இல் இந்த லண்டன் மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். பறக்கும் பையன் கதை நோயாளிக் குழந்தைகளுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தது! அதே 1929இல் மும்பையில் வாடியா குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது.

சென்னையில் 1844ஆம் ஆண்டிலேயே அரசு பிரசவ மருத்துவமனை தொடங்கிவிட்டது. இன்று எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருப்பது அதுதான். அங்கே குழந்தை மருத்துவத்துக்கென ஒரு பிரிவு வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் எஸ்.டி. ஆச்சார். அவர் எழுதிய பாடநூலை வைத்துப் பல தலைமுறை மாணவர்கள் குழந்தை மருத்துவம் படித்தார்கள். அந்தப் பிரிவுதான் 1968இல் ஹால்ஸ் சாலையில் தனி மருத்துவமனை ஆயிற்று. 'குழந்தைகள் நல நிலையம்' என்பது அதன் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அரசு மருத்துவமனை. இதயம், சிறுநீரகம், நரம்பு, அறுவை சிகிச்சை என்று எல்லாமே அங்கே குழந்தைகளுக்காகத்தான்.

மூன்று கிலோ எடையுள்ள பாப்பாவின் உடம்பில் மொத்தம் எவ்வளவு இரத்தம் இருக்கும் தெரியுமா? சுமார் கால் லிட்டர். ஒரு டம்ளர்தான்! பெரியவருக்கு ஐந்து லிட்டர். பரிசோதனைக்கு எத்தனை சொட்டு எடுக்கலாம் என்பதைக்கூட யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான். கால் லிட்டர் தண்ணீர் போனால் அப்பாவுக்குத் தாகம் எடுக்கும், பாப்பாவின் உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று அரை லிட்டரில் கரைப்பது தவறு.

எழும்பூரில் இன்னொரு அதிசயமும் உண்டு, தாய்ப்பால் வங்கி! பால் மிகுதியாகச் சுரக்கும் அம்மாக்கள் தானமாகக் கொடுப்பதைச் சோதித்து, கிருமி போகச் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, தன் அம்மாவின் பால் கிடைக்காத சிசுவுக்கு அது போகிறது. கொடுத்த அம்மா யாரோ, குடிக்கும் பிள்ளை யாரோ!

பேசத் தெரியாத சின்னக் குழந்தைக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தையும் அழுகையையும் பார்த்துத்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். உன் வலி எந்த முகம் என்று பிள்ளை தொட்டுக் காட்டினால் போதும். (கணக்குப் பரீட்சை அன்று மட்டும் வரும் வயிற்று வலிக்கு எந்த முகம் என்று என் பழைய மாணவர்களைத்தான் கேட்க வேண்டும்!)

எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் அங்கிருந்து எழும்பூர் பக்கம்தான். அவசரம் என்றால் ரயிலுக்குக் காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அவசரப் பிரிவு இரவிலும் திறந்தே இருக்கும்.